மண்டபப் படம் அழகுதான். வெயில் எந்தப் பக்கம்?

செம்மண்தடம்:
வணக்கம். கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டம். பால்மரம் போய்ச் செம்பனை வந்து வெகு காலமாகிறது. லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பாதி காலியாகக் கிடக்கின்றன. ஆனால் ஆடியில் மாரியம்மன் திருவிழா என்றால் கிள்ளானிலிருந்தும் ஜொகூர் பாருவிலிருந்தும் எல்லாரும் வந்துவிடுகிறார்கள். அன்னதானத்துக்கு இடம் போதவில்லை. பழைய ஆயாக்கொட்டகை (தொழிலாளர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட கொட்டகை) இருந்த இடத்தில் ஒரு திறந்த மண்டபம் கட்ட ஆலயக் குழு நினைக்கிறது. "நீதான் படிக்கிறாயே, ஒரு படம் போட்டுக் கொடு" என்றார்கள்.

ஸ்கெட்ச்அப் மென்பொருளில் முப்பரிமாண மாதிரி செய்து என்ஸ்கேப்பில் ரெண்டர் செய்தேன், அதாவது வெயில், நிழல், வண்ணம் கொடுத்து நிழற்படம்போல் ஆக்கினேன். படத்தை இணைத்திருக்கிறேன். தலைப்பு: ஆடித் திருவிழா, பிற்பகல் 2 மணி. வெள்ளைத் தூண்கள், மெல்லிய உலோகக் கூரை, வடக்குப் பக்கத் தாழ்வாரத்தில் குளிர்ந்த நிழலில் பந்தி, முன்னால் புல்வெளி, மரங்கள். குழுவினருக்கு மிகவும் பிடித்துவிட்டது. கல்லூரியில் ஒரு விரிவுரையாளர் மட்டும், "மூன்றாம் ஆண்டு வரை ரெண்டரிங் பக்கம் போகாதே, கையால் வரை" என்கிறார். இப்போதே ரெண்டரிங் கற்பது வீண் வேலையா? பெரியவர்கள் கருத்துச் சொல்லுங்கள்.

வரைபலகை:
தம்பி, படம் அழகாக இருக்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அரசுத் துறையில் வரைவாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பழக்கத்தில் முதலில் நிழலைத்தான் பார்த்தேன். உங்கள் தூண்களின் நிழல் வடக்கே விழுகிறது. ஆடி மாதம், நம் ஊரில், பிற்பகல் 2 மணிக்கு அது எப்படி வடக்கே விழும்?

சுங்கை சிப்புட் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 4.8 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் முற்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஆடியில் தட்சிணாயணம் தொடங்கினாலும் சூரியன் நம் தலைக்கு மேலே கடந்து தெற்கே போய்விடுவதில்லை. ஆகவே நிழல் குட்டையாகத் தெற்குப் பக்கம் விழ வேண்டும். பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களின் முதுகில் வெயில் அடிக்க வேண்டும். நீங்கள் குளிர்ந்த நிழல் என்று காட்டிய இடம்தான் திருவிழா அன்று வெயில் படும் பக்கம்.

காரணத்தையும் சொல்கிறேன். ஸ்கெட்ச்அப்பில் இடத்தைக் குறிக்காமல் விட்டால், அந்த மென்பொருள் பிறந்த கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரத்தையே அது உங்கள் ஊராக எடுத்துக்கொள்ளும். அது 40 பாகை வடக்கே இருக்கிறது. அங்கே ஆண்டு முழுவதும் நண்பகல் வெயில் தெற்கிலிருந்துதான் வரும். அமெரிக்க வெயிலில் நம் அம்மனுக்கு மண்டபம் கட்டியிருக்கிறீர்கள்.

இரவுப்பணி:
ஐயா கண்டுபிடித்தது சரி. ஆனால் அது ஒரு நிமிட வேலை: வரைபடத்தில் இடத்தைச் சுட்டிவிட்டால் முடிந்தது. அதற்காக ரெண்டரிங்கே வேண்டாம் என்பீர்களா? நான் ஈப்போவில் இருந்துகொண்டு வீடமைப்பு நிறுவனங்களுக்கு இரவெல்லாம் படம் செய்து கொடுப்பவன். வேலைக்கு எடுப்பவர்கள் முதலில் கேட்பது மாணவன் செய்த வேலைகளின் தொகுப்பேட்டைத்தான். கோலாலம்பூரில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிக்கு வரும்போதே இந்த மென்பொருள்களைத் தெரிந்துகொண்டு வருகிறார்கள். தோட்டத்துப் பையனைப் பார்த்து "நீ மூன்றாம் ஆண்டுவரை பென்சிலோடு இரு" என்றால் யாருக்கு இழப்பு?

பணமும் ஒரு காரணம் இல்லை. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் முற்றிலும் இலவசம். 2002ஆம் ஆண்டு பயனாளர்கள் 1,00,000 யூரோ திரட்டிக் கொடுத்து அதன் மூல நிரலை விடுவித்தார்கள். அதிலிருக்கும் சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் இயந்திரம் ஒளிக்கதிர்கள் சுவரில் பட்டுத் தெறித்து வேறொரு சுவருக்குப் போவதைக்கூடக் கணக்கிடும். செம்மண் தரையில் பட்ட வெயில் வெள்ளைக் கூரையின் அடிப்பக்கத்தில் இளஞ்சிவப்பாகத் தெரிவதைப் பார்த்திருக்கிறீர்களா? எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது அந்த இயந்திரம்தான், எந்த ஆசிரியரும் இல்லை.

செம்பனைக்காரன்:
என் பேரனும் இதே படிப்புத்தான். எந்த மடிக்கணினி வாங்குவது, யாராவது சொல்லுங்களேன்.

வரைபலகை:
இரவுப்பணி, ஒரு நிமிட வேலை என்கிறீர்கள். சரி. அந்த ஒரு நிமிடத்தை யாரும் செலவிடவில்லையே, ஏன்? படம் முடிந்துவிட்டதுபோல் தோன்றியதால். பென்சில் கோட்டைப் பார்ப்பவர், "இது என்ன, இங்கே தண்ணீர் எங்கே போகும்?" என்று கேட்பார். மெருகேற்றிய படத்தைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டு தலையாட்டுவார். குழுவில் யாராவது ஒருவர் ஒரு கேள்வியாவது கேட்டார்களா?

நான் கேட்கிறேன். கூரையின் விளிம்பு, அதாவது இறவாரம், சுவரைத் தாண்டி ஓர் அடிகூட நீளவில்லை. கூரைத் தண்ணீரைப் பிடிக்க எதுவும் இல்லை. மாலை 4 மணி மழை வந்தால் வடக்கு வரிசையில் இருப்பவர்கள் இலையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். உலோகத் தகட்டின் கீழே உட்கூரை இல்லை. மழை இறங்கினால் நாதஸ்வரம் யாருக்குக் கேட்கும்? சமையல்கட்டு எங்கே? அண்டா கழுவிய தண்ணீர் எந்த வழியாகப் போகும்? உங்கள் புல்வெளி வழியாகவா?

ஆலயக்குழு_செயலாளர்:
இந்தப் படத்தைக் கேட்டவன் நான்தான், அதனால் நானும் பேச வேண்டும். வரைபலகை ஐயா, நாங்கள் கேள்வி கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் எங்களுக்குப் படம் தேவைப்பட்டது கட்டுவதற்கு இல்லை, நன்கொடை கேட்பதற்கு. தோட்டத்தை விட்டுப் போன குடும்பங்களுக்குக் கோட்டு வரைபடத்தை அனுப்பிப் பார்த்திருக்கிறோம். "பார்த்தேன் அண்ணே" என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். இந்தப் படம் வாட்ஸ்அப்பில் போன அன்றே சிங்கப்பூரிலிருந்து அழைத்துக் கேட்டார்கள்.

அதே சமயம் எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. படத்தில் இருக்கும் மரம் எங்கள் மரம் இல்லை. இலையுதிர் காலத்து வெளிநாட்டு மரம்போல் செம்மஞ்சளாக நிற்கிறது. எங்கள் கோயிலுக்கு முன்னால் நிற்பது அரசமரம், அதைச் சுற்றி மேடை. ஒரு பாட்டி என்னிடம், "அரசமரத்தை வெட்டிவிட்டீர்களா?" என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

அரைச்சுவர்:
கற்பிக்கும் தொழிலில் இருப்பவள் என்பதால் இரண்டு பக்கத்தோடும் எனக்கு வழக்கு உண்டு.

முதலில் இரவுப்பணிக்கு. ஒளி தெறிப்பதைக் கணக்கிடும் சமன்பாட்டை ஜேம்ஸ் கஜியா 1986இல் எழுதினார். கணக்கு உண்மையானது; ஆனால் அதற்குக் கொடுக்கப்படும் சுவரும் சூரியனும் பொய்யானால் விடையும் பொய்யாகத்தானே வரும்? மாணவர்களின் கோப்புகளைத் திறந்து பார்க்கிறேன். சுவருக்குத் தடிமன் இல்லை, தாள்போல ஒற்றைப் பரப்பு. தூண் கூரையைத் தொடுவதற்கு இரண்டு அங்குலம் முன்பே நின்றுவிடுகிறது. படத்தில் தெரியாத கோணம் என்பதால் விட்டுவிட்டார்கள். மாதிரியைக் கட்டுவதும் அதற்கு ஒளியூட்டுவதும் வெவ்வேறு திறமைகள். முன்னதைக் கற்காமல் பின்னதில் தேர்ந்தவர்களே அதிகம்.

அடுத்து வரைபலகை ஐயாவுக்கு. கையால் வரைந்தவர்கள் மட்டும் நிழலைச் சரியாகப் போட்டார்களா? எல்லா நிழலையும் 45 பாகையில் இடமிருந்து வலமாக இழுத்தவர்கள்தானே! அந்த வெயிலுக்கு எந்த ஊரும் இல்லை. மென்பொருளிலாவது ஊர் பெயரைப் போட ஓர் இடம் இருக்கிறது.

செம்மண்தடத்துக்கு ஒரு யோசனை. வண்ணம், மரம், வானம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எல்லாப் பரப்பையும் ஒரே சாம்பல் நிறமாக்கி ரெண்டர் செய்யுங்கள். வெயிலும் நிழலும் மட்டும் இருக்கட்டும். ஆடிக்கு ஒன்று, தைக்கு ஒன்று, காலை, நண்பகல், மாலை. ஒரே கட்டடம் வேறு வேறாகத் தெரியும். தாழ்வாரத்தை எந்தப் பக்கம் வைப்பது என்பதை அதிலிருந்து முடிவு செய்யுங்கள். ரெண்டரிங் கட்டடக்கலைக்குள் வருவது அந்த இடத்தில்தான். மெருகு பிறகு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் விலகிப் போனாலும். பேராக் மாணவர்கள் பலர் முதலில் மாதிரி செய்து பழகுவது பத்து காஜாவில் இருக்கும் கெல்லி மாளிகையை. அதைக் கட்டியவர் 1926இல் லிஸ்பனில் இறந்துபோனார். மாளிகை முடியவே இல்லை. அங்கே வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. முடியாத மாளிகையை எல்லாக் கோணத்திலும் ரெண்டர் செய்கிறார்கள். கோயிலை அளக்க யாரும் நாடாவை எடுப்பதில்லை. லயமும் அப்படித்தான். மலாய் மரவீடுகளை மாணவர்கள் அளந்து வரைந்த ஆவணங்கள் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், மலாய் உலகின் கட்டடச் சூழலை ஆராயும் காலாம் மையத்தில் இருக்கின்றன. உங்கள் தோட்டத்து லயத்தை யார் அளப்பது? பாதி காலி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

செம்மண்தடம்:
எல்லாருக்கும் நன்றி. இடத்தைச் சரியாகக் குறித்து, அக்கா சொன்னபடி சாம்பல் நிறத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஆடி மாதக் காலை வெயில் வடகிழக்கிலிருந்து தாழ்வாரத்துக்குள் நேராக நுழைகிறது. இறவாரத்தை ஒன்றரை மீட்டர் நீட்டினால் நண்பகலில் நிழல் கிடைக்கிறது. ஆனால் காலை 9 மணிக்குப் போதவில்லை. அந்தப் பக்கம் சாய்வுப் பலகைகள் வைக்கலாமா அல்லது பந்தியையே தெற்கே மாற்றலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். தெற்கே மாற்றினால் சமையல்கட்டு கோயிலின் பக்கவாட்டுக்கு வந்துவிடும். புகை எல்லாம் சன்னதிக்குப் போகும்.

வரைபலகை ஐயா, ஒன்றைக் கேட்க வேண்டும். நான் பென்சிலில் வரைந்திருந்தால் இந்த 9 மணி வெயில் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? ரெண்டர் செய்ததால்தானே நீங்களும் நிழலைப் பார்த்துக் கேட்டீர்கள்?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அரசமரம் வைத்து, உண்மையான வெயிலோடு, மேகம் மூடிய வானத்தோடு ஒரு புதுப் படம் செய்து குழுவுக்குக் காட்டினேன். "முதல் படமே நன்றாக இருந்தது, இது ஏன் இருட்டாக இருக்கிறது?" என்கிறார்கள்.

வரைபலகை:
சூரியன் போகும் பாதையைத் தாளில் வரைந்து கணக்கிடும் முறை கணினிக்கு முன்பே உண்டு, தம்பி. நேரம் பிடிக்கும், ஆனால் ஒரு முறை கையால் செய்தவன் பிறகு எந்த மென்பொருள் பொய் சொன்னாலும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான். கேள்வி நல்ல கேள்விதான். பதில் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

இரவுப்பணி:
இருட்டுப் படம் உண்மை, வெளிச்சப் படம் பொய் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் கண் நிழலுக்குள் போனதும் சிறிது நேரத்தில் பழகிக்கொள்கிறது. கேமரா அப்படிப் பழகுவதில்லை. தாழ்வாரத்துக்குள் நின்று பார்ப்பவருக்குத் தெரியும் அளவுக்கு வெளிச்சத்தை ஏற்றுங்கள், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. உண்மையான ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் முதல் படத்தை எத்தனை மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தீர்கள்? பார்த்தால் 18 போல, மிக அகலமான லென்ஸாகத் தெரிகிறது. அதில் ஆயாக்கொட்டகை அளவு இடம்கூட விமான நிலையம்போல் விரியும். 35க்கு மாற்றுங்கள், கேமராவை ஒன்றரை மீட்டர் உயரத்தில் வையுங்கள், தூணுக்குப் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துங்கள். எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் அகல லென்ஸ்தான் கேட்பார், நாங்களும் கொடுப்போம். நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை.

வரைபலகை:
இரவுப்பணி எழுதியதிலேயே இதுதான் உருப்படியானது. ஆள் என்றால் கோட்டு போட்ட வெள்ளைக்காரர் வேண்டாம். சாதக் கூடையைத் தூக்கிக்கொண்டு வரும் ஆளை வையுங்கள். நடைவழி போதுமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

அரைச்சுவர்:
நடைமுறை விஷயம் ஒன்று, எல்லாரும் மறந்துவிட்டீர்கள். இந்தப் படத்தை வைத்து யாரும் அடித்தளம் தோண்டக் கூடாது. ஊராட்சிக்குப் போகும் வரைபடங்களில் பதிவு பெற்ற ஒருவர் கையொப்பமிட வேண்டும். மாணவன் இட முடியாது, 1967ஆம் ஆண்டு கட்டடக்கலைஞர் சட்டம் இருக்கிறது. மூடிய அறைகள் ஏதாவது சேர்த்தால் 1984ஆம் ஆண்டு சீரான கட்டட உபவிதிகளையும் பாருங்கள்: சன்னல் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, காற்று தடையின்றி வருவதற்கான திறப்பு 5 விழுக்காடு. சமையல் சாமான் அறையை எல்லாரும் சன்னலில்லாமல்தான் வரைவார்கள்.

ஆலயக்குழு_செயலாளர்:
ஞாயிற்றுக்கிழமை கூட்டம். தம்பி, இரண்டு படங்களையும் அந்தச் சாம்பல் படங்களையும் கொண்டுவாருங்கள். சமையல்கட்டைப் பற்றிப் பெண்கள் பேசுவார்கள், குறித்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆனால் நன்கொடை அட்டையில் எந்தப் படத்தை அச்சிடுவது என்பதைக் குழுதான் முடிவு செய்யும். அதில் யாரும் தலையிட வேண்டாம்.

இரவுப்பணி:
முதல் படத்தைத்தான் அச்சிடுவார்கள், ஐயா. வேண்டுமானால் பந்தயம் கட்டுகிறேன்.

வரைபலகை:
அச்சிடட்டும். அடியில் "கற்பனைப் படம்" என்று போடட்டும். வீடமைப்பு விளம்பரங்களில் போடுவதுபோல் எறும்பு எழுத்தில் இல்லாமல், கண்ணாடி இல்லாமல் நான் படிக்கும் அளவில்.

ஆலயக்குழு_செயலாளர்:
எழுத்தின் அளவையும் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம். செம்பனைக்காரன் அண்ணே, மடிக்கணினிக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை போலிருக்கிறது.