பொருள்: வாய் வறட்சியா, வாயுலர்வா? (வெள்ளிக்கு முன் பதில் வேணும்)

மொழிபெயர்ப்பாளர்:
யாழ்ப்பாணத்துக் கிளினிக்குகளில் குடுக்கிற துண்டுப்பிரசுரம் வெள்ளி பின்னேரம் அச்சுக்குப் போகுது. வாய் காயுற நிலையான செரோஸ்டோமியாவுக்கு ‘வாய் வறட்சி’ எண்டு போட்டிருக்கிறன். ஆட்சேபம் இருந்தால் இப்பவே சொல்லுங்கோ.

தமிழாசிரியர்:
பிள்ளை, வறட்சி குளத்துக்கும் வயலுக்கும் உரியது. வாய்க்கு உலர்வுதான். வாயுலர்வு, இரு சொல்லும் சேரும் புணர்ச்சியும் இயல்பு.

பல் வைத்தியர்:
இங்கே இரண்டு விசயம் இருக்கு. வாய் காயுது எண்டு ஆள் உணருவது ஒன்று. உமிழ்நீர் உண்மையில் குறைவது வேறொன்று: 5 நிமிடம் விழுங்காமல் அளவுக்குழாயில் துப்பவிட்டு, 0.5 மில்லிலீற்றருக்கு மேல் சேராவிட்டால் அது குறைவு. மூக்கடைப்பால் வாயால் மூச்சு விடுகிறவருக்குச் சுரப்பு சரியாக இருந்தும் வாய் காயும். ஒரே சொல்லைப் போட்டால் இரண்டும் குழம்பும்.

தமிழாசிரியர்:
அப்படியானால் இரண்டாவதுக்கு ‘ஊறற்குறை’. உமிழ்நீர் என்பது வினைத்தொகை: உமிழ்ந்த, உமிழ்கின்ற, உமிழும் நீர். நாளுக்கு அரை லீற்றருக்கு மேல் ஊறுவதை விழுங்குகிறோமே தவிர உமிழ்வதில்லை. வள்ளுவரும் 1121இல் ‘வாலெயிறு ஊறிய நீர்’ என்றுதான் சொன்னார்.

மருந்தாளர்:
ஐயா, அது காமத்துப்பால். எயிறு எண்டால் பல்; பல்லில் ஒண்டும் ஊறுவதில்லை. கன்னத்திலும் தாடைக்கும் நாக்குக்கும் கீழேயும் உள்ள சுரப்பிகளில் இருந்து வருது. வாய் காய்ந்தவர் ‘ஊறற்குறை’ எண்டு சொல்ல முதல் தண்ணி கேட்பார்.
பெயரை விடுங்கோ, உள்ளடக்கத்தில் பிழை இருக்கு. ‘தேசிக்காய் சூப்பவும்’ எண்ட வரியை வெட்டுங்கோ. அமிலம் கூடி வாயின் பிஎச் 5.5க்குக் கீழே போனால் பல் எனாமல் கரையும்; அதைத் தணிக்கிற உமிழ்நீர்தான் இவையிட்ட இல்லையே. சீனியில்லாத சூயிங்கம் எண்டு மாத்துங்கோ. ஒரு கப் தண்ணியில் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்துக் கொப்பளிக்கலாம். மதுசாரம் கலந்த வாய்கழுவி இன்னும் காயவைக்கும்.
காரணத்தில் ‘வயது’ எண்டதை முதலில் போட்டது சரியில்லை. வயசானவர்கள் விழுங்குகிற குளிசைகள்தான் பெரும்பாலும் காரணம்: மனச்சோர்வுக்குக் குடுக்கிற அமிற்றிப்றிலின், ஒவ்வாமைக்குக் குடுக்கிற குளோர்பெனிரமின், அடிக்கடி சிறுநீர் போறதுக்குக் குடுக்கிற ஒக்ஸிபியூற்றினின். சுரப்பிக்கு வரும் நரம்புக் கட்டளையை இவை மறிக்கும். தாமாக நிறுத்தாமல் வைத்தியரிட்டக் கேட்கவேணும் எண்டதைத் தடித்த எழுத்தில் போடுங்கோ.

பல் வைத்தியர்:
பொய்ப்பல்லை இரவில் கழற்றச் சொல்லி ஒரு வரி சேருங்கோ. காய்ந்த வாயில் பூஞ்சணம் கெதியாகப் பிடிக்கும். கழுத்துக்குக் கதிர்ச்சிகிச்சை எடுத்தவருக்குப் புளோரைட் பற்பசை கட்டாயம்.

இன்னொருவர்:
மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன் 1860களிலேயே தமிழில் வைத்தியம் படிப்பித்தவர். அந்தக் காலத்துச் சொல்லை யாராவது பார்த்தீங்களா?

மொழிபெயர்ப்பாளர்:
அதுக்கு நேரமில்லை. தலைப்பு ‘வாய் வறட்சி’, அளந்து சொல்லுறதுக்கு ‘உமிழ்நீர்க் குறைவு’. மூண்டு பேர் ஓம் எண்டிட்டினம்.

தமிழாசிரியர்:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளவும். ‘உமிழ்’ பற்றி நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.