ஸ்டீராய்டு தொடங்குமுன் புழுப் பரிசோதனை எதற்கு?

மூத்தமகன் கேட்டது:
அப்பாவுக்கு வயது 68. உடம்பெல்லாம் கொப்புளம் வந்து உடைகிற நோய், பெம்ஃபிகஸ் என்கிறார்கள். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுக்க வேண்டியிருக்குமாம். ஆனால் டாக்டர் மாத்திரையை எழுதாமல் முதலில் மலப் பரிசோதனைக்கு அனுப்பினார். "புழு இல்லை" என்று ரிப்போர்ட் வந்தது. அதன் பிறகும் விடவில்லை, வேறு வேறு நாளில் இன்னும் இரண்டு மாதிரி கொடுக்கச் சொல்கிறார். ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணு 11 சதவீதம், அது அதிகமாம். வயிற்று வலி, பேதி எதுவும் இல்லை. வருஷம் தவறாமல் பூச்சி மாத்திரை போடுகிறவர். செருப்பில்லாமல் வயலில் நடந்ததெல்லாம் வாலிபத்தில், அதை விட்டே 35 வருஷம் ஆகிறது. இது அவசியம்தானா, சும்மா அலைக்கழிக்கிறார்களா?

தென்றல் எழுதியது:
ஈசினோஃபில் அலர்ஜிக்கும் ஏறும். நான் இரண்டு வருஷம் ஸ்டீராய்டு எடுத்தவள், ஒருத்தரும் புழுவைப் பற்றிக் கேட்டதில்லை. ரொம்ப யோசிக்காதீர்கள்.

கண்ணாடிச்சில்லு எழுதியது:
கேட்காமல் விட்டதும் ஒன்றும் ஆகாமல் போனது உங்கள் நல்ல நேரம், அம்மா. நான் 31 வருஷம் நுண்ணுயிரியல் லேபில் மலம் பார்த்தவன். (சிரிக்காதீர்கள், அதுவும் ஒரு பிழைப்புதான்.)

தம்பி, உங்கள் டாக்டர் தேடுவது ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழுவை. வெறுங்காலில் நடந்தால் மண்ணிலிருந்து தோலைத் துளைத்து ஏறுவது. உருளைப்புழுவும் கொக்கிப்புழுவும் குடலில் முட்டை போடும், அந்த முட்டை வெளியே மண்ணுக்குப் போனால்தான் அடுத்த தலைமுறை. பழைய புழு செத்தால் கதை முடிந்தது. இது அப்படி இல்லை. பெண்புழு இரண்டு மில்லிமீட்டர் சொச்சம்தான், சிறுகுடல் சுவருக்குள் ஒளிந்திருக்கும், ஆண் துணையே இல்லாமல் முட்டை போடும். முட்டை அங்கேயே பொரிந்துவிடும். குஞ்சுகளில் சில வெளியே போகாமல் உள்ளேயே முற்றி, குடலைத் துளைத்து ரத்தத்தில் ஏறி, நுரையீரல் வழியாகச் சுற்றி மறுபடி குடலுக்கே வரும். அதனால் 35 வருஷம் இதற்கு ஒரு கணக்கே இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளிடம் 30, 40 வருஷம் கழித்தும் இந்தப் புழுவைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். (அதே பாதையில் மலாயாத் தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்ததும் கூடவே நினைவுக்கு வருகிறது.)

உடம்பின் எதிர்ப்பு சக்தி இதை ஒழிக்காது, அடக்கி வைத்திருக்கும். ஸ்டீராய்டு அந்தக் காவலை எடுத்துவிடும். குஞ்சுகள் கட்டுக்கடங்காமல் பெருகி, குடல் பாக்டீரியாவையும் சுமந்துகொண்டு நுரையீரல், மூளை என்று கிளம்பும். அந்த நிலையில் ஈசினோஃபில்கூட பலருக்கு ஏறியிருக்காது.

ஒரு முறை எனக்கே நடந்தது. ஆஸ்துமா என்று சேர்ந்திருந்த ஒரு பெரியவரின் மாதிரி, முந்தின நாள் எடுத்தது, ஒரே ஒரு ஸ்லைடு பார்த்துவிட்டு "புழு இல்லை" என்று எழுதினேன். ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். ஒன்பதாம் நாள் அவருடைய சளி என் மேசைக்கு வந்தது. கண்ணாடியில் வைத்தால் அரை மில்லிமீட்டர் குஞ்சுகள் நெளிகின்றன, எண்ண முடியவில்லை. அவர் பிழைக்கவில்லை. அவருடைய இழுப்பே நுரையீரலில் புழு சுற்றியதால் வந்ததோ என்று இன்றும் தோன்றும். பொய் ரிப்போர்ட் எழுதவில்லை. அந்த ஸ்லைடில் புழு இல்லைதான். ஆனால் இந்தக் குஞ்சுகள் கொஞ்சமாக, விட்டுவிட்டுத்தான் மலத்தில் வரும், ஒரு மாதிரியில் தப்புவதே அதிகம்.

மூத்தமகன்:
ஐயா, படித்துவிட்டுக் கை நடுங்குகிறது. அப்படியானால் வருஷா வருஷம் போட்ட பூச்சி மாத்திரை?

கண்ணாடிச்சில்லு:
அல்பெண்டசோல்தானே? உருளைப்புழுவுக்கு நல்ல மருந்து. ஒற்றை மாத்திரையாகப் போட்டால் இந்தப் புழு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். இதற்கு ஐவர்மெக்டின்தான். அதைக் கொண்டுவந்த ஆய்வுக்காக ஓமுராவுக்கும் கேம்பலுக்கும் 2015இல் நோபல் கொடுத்தார்கள். நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், அளவு எடையைப் பொறுத்தது. அவசரமாக ஸ்டீராய்டு தேவைப்பட்டால் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமலே முன்கூட்டி இதைக் கொடுக்கிற டாக்டர்களும் உண்டு, கேட்டுப் பாருங்கள். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனையும் இருக்கிறது, மலத்தைவிட அது தவறவிடுவது குறைவு.

மாதிரி கொடுக்கும்போது லேபில் "அகார் தட்டு வைப்பீர்களா" என்று கேளுங்கள். பாக்டீரியா வளர்க்கிற கூழ் ஊற்றிய தட்டு அது. தட்டில் மலத்தை வைத்து இரண்டு நாள் விட்டால், குஞ்சு ஊர்ந்த வழியெல்லாம் பாக்டீரியா கோடு கோடாக வளர்ந்திருக்கும். எறும்பு போன தடம் மாதிரி, பார்க்க அழகாகவே இருக்கும். அதற்குக் குஞ்சு உயிரோடு இருக்க வேண்டும். அதனால் எடுத்த சூட்டோடு கொண்டுபோங்கள், சிறுநீர் கலக்கக் கூடாது, குளிரில் வைக்கவே கூடாது.

மூத்தமகன்:
முதல் மாதிரியை ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்துத்தான் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன், ஐயா. கெட்டுப்போகக் கூடாதே என்று.