ஃபோக் ராக், கன்ட்ரி ராக்: ஒரு ஆல்பம் உங்களை விடாமல் பிடித்துக்கொண்ட கதை இருந்தால் எழுதுங்கள்

சாமவேன்

‘லீஜ் அண்ட் லீஃப்’ கேட்டிருப்பீர்கள்தானே. ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற இங்கிலாந்துக் குழு, 1969. பழைய நாட்டுப்பாடல்களை மின்கிட்டாரும் டிரம்முமாகப் பாடுகிற ஃபோக் ராக். சாரிட்டி கடையில் ஒரு பவுண்டுக்கு எடுத்த சிடி. மில்டன் கீன்ஸில் பார்சல் இறக்கிவிட்டு ஹாரோவுக்குத் திரும்புகிறேன், சாமம் ஒன்றரை. ‘மேட்டி குரோவ்ஸ்’ ஓடுகிறது. பிரபுவின் மனைவி ஒரு பெடியனைக் கூட்டிக்கொண்டு போகிறாள். வேலைக்காரன் ஓடிப்போய்க் கோள் சொல்கிறான். பிரபு வந்து கட்டில் காலடியில் நின்று, மெத்தை பிடித்திருக்கிறதா, விரிப்பு பிடித்திருக்கிறதா, என் மனைவியைப் பிடித்திருக்கிறதா என்று கேட்கிறான். இரண்டு வாளில் நல்லதைப் பெடியனிடமே கொடுத்து, பிறகு வெட்டிப் போடுகிறான். மனைவியை மடியில் இருத்தி, இப்ப ஆரைப் பிடிக்கும் என்றால், உன்னைவிட அந்தச் செத்த வாய் மேல் என்கிறாள். அவளையும் சுவரோடு சேர்த்துக் குத்துகிறான்.

குழுவின் பாடகி சாண்டி டெனி இவ்வளவையும் சந்தைக் கணக்கு ஒப்பிக்கிற மாதிரிப் பாடிக்கொண்டு போகிறார். கடைசியில் பிரபு சொல்கிறான்: இரண்டு பேரையும் ஒரே குழியில் போடுங்கள், ஆனால் அவளை மேலே வையுங்கள், அவள் பெரிய குடும்பத்துப் பிள்ளை.

“அட நாசமாய்ப் போனவனே” என்று வேனுக்குள் தனிய இருந்து கத்திவிட்டேன். அதற்குள் ஃபிடிலும் கிட்டாரும் பிடித்துக்கொள்ள, எம்1 நெடுஞ்சாலையில் என்னுடைய நாலாம் எக்ஸிட் போய்விட்டது. வேறு வழியில்லாமல் லண்டன் கேட்வே சர்வீஸில் ஒதுக்கித் தேத்தண்ணி குடித்தேன்.

சொல்ல வந்தது அதுகூட இல்லை. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், அந்த ஆல்பத்துக்கு ஏழு மாதம் முன்னால், 1969 மே 12, பர்மிங்காமில் வாசித்துவிட்டுத் திரும்பின இவர்களுடைய வேன் அதே எம்1-இல், அதே சர்வீஸுக்குக் கிட்ட விபத்தில் மாட்டியிருக்கிறது. டிரம்மர் மார்ட்டின் லாம்பிள் செத்துப்போனார், வயது 19. கிட்டார்காரர் ரிச்சர்ட் தாம்சனின் தோழி ஜீனி ஃபிராங்க்ளினும். மிஞ்சியவர்கள் ஹாம்ப்ஷயரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, புது டிரம்மர், ஃபிடிலுக்கு டேவ் ஸ்வார்பிரிக் என்று ஆள் சேர்த்துப் பழகிச் செய்ததுதான் நான் கேட்டது.

கிழமைக்கு ஐந்து நாள் எனக்கு அந்த வழிதான். இப்போதெல்லாம் எக்ஸிட் வருவதற்கு முன்னமே சிடியை நிறுத்திவிடுகிறேன். ஏன் என்று மனிசி கேட்டாள். சொல்லத் தெரியவில்லை.

ஷார்ஜா மேல்கட்டில்

எனக்கு பேர்ட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழு கன்ட்ரி இசைப் பக்கம் போய்ச் செய்த ‘ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ’, 1968. கேட்டது 2011-இல், ஷார்ஜாவில், நாலு பேர் தங்கிய அறையில். கீழ்க்கட்டிலில் ஒரு ஃபிலிப்பினோ ஏசி மெக்கானிக். அவனிடம் 2003-இல் வந்த இரட்டை சிடி பதிப்பு இருந்தது. ஒரு ராத்திரி ஆளுக்கு ஒரு காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டோம். ‘தி கிறிஸ்டியன் லைஃப்’ பாட்டை முதலில் குழுத் தலைவர் ரோஜர் மக்வின் குரலில் போட்டான். அப்புறம் அதே பாட்டு, அதே ஸ்டீல் கிட்டார், குரல் மட்டும் அந்த வருஷம் குழுவில் சேர்ந்த கிராம் பார்சன்ஸ். ஆல்பத்தில் முதலில் வராமல் போன குரல். கடவுள் பக்கம் போனதிலிருந்து கூட்டாளிகள் விலகிப் போகிறார்கள், போகட்டும் என்பதுதான் பாட்டு. மக்வின் வேஷம் கட்டிப் பாடுகிற மாதிரி இருக்கும். பார்சன்ஸ் அப்படியே நம்பிப் பாடுவார்.

நான் “ரெண்டாவது ஆள் நெஜமாவே நம்பறான் போல, பாவம்” என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. வயரை விரலில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டுத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். மறுநாள் வெள்ளிக்கிழமை. சர்ச்சுக்குப் போக வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வெள்ளியும் அந்த இஸ்திரியை நாங்கள் மூன்று பேரும் கிண்டல் செய்வோம். அன்றைக்கு நான் மட்டும் வாயை மூடிக்கொண்டேன். மற்ற இருவரும் செய்தார்கள்.

ஃபஸ் பாக்ஸ்

ஷார்ஜா நண்பரே, மக்வின் வேஷம் கட்டினார் என்பது அநியாயம். சரி, சிகாகோக்காரர், தெற்கத்தி உச்சரிப்பைக் கொஞ்சம் கூடுதலாகவே இழுத்தார். ஆனால் பார்சன்ஸ் குரல் போனதற்குக் காரணம் அவர் லீ ஹேசல்வுட்டின் ரெக்கார்ட் கம்பெனியோடு போட்டிருந்த ஒப்பந்தம். வழக்கு வரும் என்று பயந்து சில பாட்டுகளை மக்வின் திரும்பப் பாடினார். ‘ஹிக்கரி விண்ட்’ உட்பட மூன்று பாட்டில் பார்சன்ஸ் அப்படியே இருக்கிறார், போய்க் கேளுங்கள்.

என் கதை சின்னது. பார்சன்ஸ் அதற்கப்புறம் பேர்ட்ஸில் கூட இருந்த கிறிஸ் ஹில்மனோடு ஆரம்பித்த ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸின் ‘தி கில்டட் பேலஸ் ஆஃப் சின்’, 1969. அட்டையில் பார்சன்ஸ் கோட்டு முழுக்க கஞ்சா இலையும் மாத்திரையும் எம்பிராய்டரி. அதைப் பார்த்தே வாங்கினேன். போட்டால் கரகரவென்று ஒரு சத்தம். ஸ்பீக்கர் கூம்பு கிழிந்துவிட்டது என்று பஸ்ஸில் மடியில் வைத்துக் கடைக்குத் தூக்கிப்போனேன். கடைக்காரர் தன்னிடமிருந்த வேறொரு பாட்டைப் போட்டுக் காட்டி, “சார், ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு, பாட்டுதான் கிழிஞ்சிருக்கு” என்றார். குழுவின் ஸ்னீக்கி பீட் தன் பெடல் ஸ்டீல் கிட்டாரை ஃபஸ் பாக்ஸ் வழியாக, அதாவது சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெட்டி வழியாக விட்டிருக்கிறார் என்று அப்புறம்தான் தெரிந்தது.

புதிதாகக் கேட்க வருபவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து ஷஃபிளில் போடாதீர்கள். போனுடைய சின்ன ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், பெடல் ஸ்டீல் கொசு மாதிரி இருக்கும். முதலில் ஸ்டீல் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள்: மடிக்கு நேராக மேஜை போல நிற்கும், பத்துக் கம்பி, இடது கையில் இரும்புத் தண்டு, காலில் பெடல், முழங்காலில் நெம்புகோல். பெடலை மிதித்தால் ஒன்றிரண்டு கம்பியின் சுருதி மட்டும் ஏறும், மற்றக் கம்பிகள் அசையாது. அழுவது மாதிரிக் கேட்பது அதனால்தான். இது பிடிபட்டால் ‘ஸ்வீட்ஹார்ட்’ முதல் பாட்டில் லாய்ட் கிரீன் வாசிப்பது தனியாகக் கேட்கும். அப்புறம் ‘கில்டட் பேலஸ்’. அப்புறம் எம்மிலூ ஹாரிஸ் கூடப் பாடும், பார்சன்ஸ் தனியாகச் செய்த ‘கிரீவஸ் ஏஞ்சல்’. அது 1974-இல் வந்தபோது பார்சன்ஸ் உயிரோடு இல்லை, முந்தின செப்டம்பரிலேயே 26 வயதில் போய்விட்டார். இந்த வரிசையை மாற்றாதீர்கள். எல்பி வாங்கினால் ஊசி புதிதா என்று பாருங்கள். எல்பியை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காதீர்கள், வளைந்துவிடும். சாமவேன் அண்ணன் ராத்திரி ஓட்டும்போது இந்த மாதிரிக் கொலைப் பாட்டெல்லாம் போடக் கூடாது. தூக்கம் வராது என்பீர்கள், எக்ஸிட் போச்சே.

தாமிரபரணி

மேட்டி குரோவ்ஸ் பற்றி. நான் வில்லுப்பாட்டில், கொலையுண்டு சாமியான முத்துப்பட்டன் கதை கேட்டு வளர்ந்த ஊர்க்காரன். போன கொடைக்கு ஊருக்குப் போனபோது அத்தைக்கு இந்தப் பாட்டைப் போட்டு, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள். குழி வந்ததும் மெல்லுவதை நிறுத்தினாள். “அந்தப் பயலுக்கு அங்க கோயில் கெட்டுனாங்களா?” என்றாள். இல்லை அத்தை, பாட்டு மட்டும்தான் என்றேன். “கொன்னவனுக்கு அப்புறம் ராத்திரி எப்பிடித் தூக்கம் வந்துது?” எனக்குப் பதில் இல்லை. எட்டு நிமிஷப் பாட்டில் கதை முடிந்த பிறகும் ஏன் வாசித்துத் தள்ளுகிறார்கள் என்று இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது.

இன்னொன்று. அந்த விபத்தில் சாண்டி டெனி வேனில் இல்லை, வேறு வண்டியில் வந்தார். பலர் மாற்றி எழுதுகிறார்கள்.

எட்டே பாட்டு

பேர்ட்ஸ் என்றால் பார்சன்ஸும் மக்வினும் மட்டும்தானா? அந்தக் குழுவில் முதலில் இருந்த ஜீன் கிளார்க் தனியாகச் செய்த ‘நோ அதர்’, 1974. எட்டே பாட்டு, ஒரு லட்சம் டாலருக்கு மேல் செலவு, கம்பெனி கைவிட்டது, விற்கவில்லை. 2019-இல் மறுபடி போட்டபோதுதான் கேட்டேன். மனிதர் 1991-லேயே இறந்துவிட்டார். முதல்முறை கேட்டபோது பிடிக்கவில்லை, பாதியில் நிறுத்தினேன். மறுநாள் பல் தேய்க்கும்போது அந்தப் பின்னணிக் குரல்கள் வாய்க்குள் ஓடிக்கொண்டிருந்தன, நுரையோடு. அவ்வளவுதான் என் கதை.

ஷார்ஜா மேல்கட்டில்

ஃபஸ் பாக்ஸ் சார், என்னிடம் எல்பியும் இல்லை, ஊசியும் இல்லை. அவன் ஊருக்குப் போகும்போது என் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் போன இரண்டாவது சிடி மட்டும் இருக்கிறது. முதல் சிடியை அவனே எடுத்துப்போய்விட்டான்.