தரவரிசை நிகழ்ச்சிக்கு ஒரே குரல் போதுமா, விருந்தினரும் வேண்டுமா?

சிற்றலை நேயர்:

வாரந்தோறும் நாற்பது பாடல்களைத் தரவரிசைப்படி ஒலிபரப்பிய "அமெரிக்கன் டாப் 40" நிகழ்ச்சியின் பழைய பதிவுகளை அமெரிக்காவின் சிரியஸ் எக்ஸ்எம் வானொலி வார இறுதிகளில் மறுஒலிபரப்பு செய்துவருகிறது. அதன் தொகுப்பாளர் கேசி கேசம் விடுப்பில் சென்ற வாரங்களில் பிறர் தொகுத்த பதிவுகளுக்கும் அதே மதிப்பைத் தரவேண்டும் என்று இங்கே ஓர் அன்பர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. தரவரிசை நிகழ்ச்சியைத் தாங்கி நிற்பது ஒரே குரல். அந்தக் குரல் இல்லாத வாரத்தில் மிஞ்சுவது பட்டியல் வாசிப்பு என்பது என் கட்சி.

இலங்கை வானொலியின் இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சியான "பினாகா கீத்மாலா"வை எடுத்துக்கொள்வோம். 1952 டிசம்பர் 3 அன்று தொடங்கிய அந்நிகழ்ச்சி, 1989இல் அகில இந்திய வானொலியின் விவித் பாரதிக்கு இடம்மாறி, 1994இல் ஓய்ந்தது. அதன் அறிவிப்பாளர் அமீன் சயானியின் குரலிலிருந்து பிரித்து அதை எவராலும் நினைத்துப்பார்க்க முடியுமா? சகோதரிகளை முதலில் அழைத்துப் பிறகு சகோதரர்களை அழைக்கும் அந்தத் தொடக்கமும், சென்ற வாரம் எந்தப் படியில் இருந்த பாட்டு இந்த வாரம் எந்தப் படிக்கு ஏறியது என்று அவர் சொல்லும் நயமும், இடையிடையே ஒலிக்கும் எக்காளமும் சேர்ந்ததுதான் கீத்மாலா. இந்தி புரியாமலே புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு அதைக் கேட்ட தமிழ் வீடுகள் உண்டு. அந்த வீடுகளுக்கு ஒரு வாரம் வேறு எவரேனும் வந்து பேசியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்?

டெட்ராய்ட் வாசி:

ஐயா, கேசம் நான் வாழும் ஊரில் பிறந்தவர் என்பதால் அவர்மேல் எனக்கும் பற்று உண்டு. ஆனாலும் உங்கள் வாதம் அந்த நிகழ்ச்சி உருவான விதத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. 1970 ஜூலை 4 அன்று ஏழே நிலையங்களோடு தொடங்கியபோது அதை உருவாக்கியவர்கள் கேசமுடன் டான் பஸ்டனி, டாம் ரவுண்ட்ஸ், ரான் ஜேகப்ஸ் ஆகியோர். பாடல்களின் பின்கதைகளைத் தேடி எழுத ஆட்கள் இருந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸில் பதிவான ஒவ்வொரு வார நிகழ்ச்சியும் இசைத்தட்டுகளாக அச்சாகி நிலையங்களுக்கு அஞ்சலில் போனது. பில்போர்டு என்ற இசை இதழின் ஹாட் 100 பாடல் பட்டியல்தான் அதன் முதுகெலும்பு. இவ்வளவு உறுதியான கட்டுமானம் இருந்ததால்தான், 1972இல் டிக் கிளார்க் விருந்தினராக வந்து அமர்ந்தபோதும், பிற்பாடு கேரி ஓவன்ஸ், மார்க் எலியட், சார்லி வான் டைக் போன்றோர் வந்தபோதும் நிகழ்ச்சி ஆட்டங்காணவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்று மணி நேரமாக இருந்து 1978 அக்டோபரில் நான்கு மணி நேரமாக நீண்ட ஒரு நிகழ்ச்சியை, கார்ட்டூன் படங்களுக்குக் குரல் கொடுக்கும் வேலைக்கு இடையில், ஒரு மனிதர் ஆண்டு முழுவதும் விடாமல் தொகுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இரக்கமற்ற இரசனை.

வால்வு ரேடியோ:

விருந்தினர் என்ற ஏற்பாட்டுக்கே நான் எதிரியல்லன். அது தவறான இடத்தில் வைக்கப்படுகிறது என்பதே என் குறை. சென்னை விவித் பாரதியின் வர்த்தக ஒலிபரப்பில் "சிறப்புத் தேன்கிண்ணம்" கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். திரையுலகைச் சேர்ந்த ஒருவர் வந்து, தமக்குப் பிடித்த பாடல்களைத் தாமே தேர்ந்து, அவை ஏன் பிடித்தன என்றும் சொல்வார். படைவீரர்களுக்கான "ஜெய்மாலா"வின் சிறப்புப் பதிப்புகளிலும் திரைநட்சத்திரங்கள் அப்படித்தான் வந்தார்கள். அங்கே தேர்வுதான் விருந்தினரை நமக்குக் காட்டிக்கொடுக்கிறது: எந்தப் போட்டியாளரின் பாட்டை முதலில் வைத்தார், தம் படத்துப் பாடலை வைத்தாரா, கூச்சப்பட்டு விட்டுவிட்டாரா என்று வீட்டில் பேசிக்கொண்டே கேட்போம். (தம் படத்துப் பாடலாகவே வைத்தவர்களும் இருந்தார்கள், அதுவும் சுவைதான்.)

தரவரிசை நிகழ்ச்சியில் அந்தச் சுதந்திரம் கிடையாது. 17ஆம் இடத்துப் பாட்டு பிடிக்காவிட்டாலும் விருந்தினர் அதை அறிமுகப்படுத்தியே தீர வேண்டும். கையைக் கட்டிவிட்டு ஒருவரை விருந்துக்கு அழைப்பானேன்?

டெட்ராய்ட் வாசி:

அந்தக் கட்டுதான் எனக்குச் சுவையாகப் படுகிறது. உல்ஃப்மேன் ஜாக்கும் ஒருமுறை கேசமின் இருக்கையில் அமர்ந்தார். மெக்சிகோ எல்லையில் இருந்த எக்ஸ்இஆர்எஃப் என்னும் பேராற்றல் நிலையத்திலிருந்து இரவெல்லாம் உறுமியும் ஊளையிட்டும் பெயர் வாங்கியவர் அவர். தம் விருப்பப்படி இசைத்தட்டு போட்டுப் பழகிய அப்படிப்பட்டவர், வேறொருவர் வகுத்த வரிசையில் மென்மையான காதல் பாடல்களையும் அறிமுகப்படுத்த வேண்டிய நிலையில் என்ன செய்கிறார் என்று கேட்பதில் ஒரு தனி ஆர்வம் உண்டு. அவருக்குப் பிடித்த பாடல்களை அவர் போட்டால் அது அவருடைய வழக்கமான நிகழ்ச்சி. அதற்கு விருந்தினர் என்ற பெயர் எதற்கு?

எஃப்எம் தலைமுறை:

மூவருமே குரலைப் பற்றிப் பேசுகிறீர்கள். அக்காலத்துப் பாட்டுப் பஞ்சத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. 1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பின் அகில இந்திய வானொலியில் திரையிசை ஓரங்கட்டப்பட்டது. 1957 அக்டோபரில் விவித் பாரதி வரும்வரை, பாட்டுக் கேட்க விரும்பியவர்கள் கொழும்பை நோக்கித்தான் முள்ளைத் திருப்பினார்கள். வேறு கடை இல்லாத தெருவில் ஒரே கடைக்காரரின் பேச்சு எல்லோருக்கும் பிடித்துப்போவதில் வியப்பில்லை.

கீத்மாலா தொடக்கத்தில் தரவரிசை நிகழ்ச்சியே அன்று. ஏழு பாடல்களை ஒலிபரப்பி, அவற்றை நேயர்களே வரிசைப்படுத்தி அனுப்பச் சொல்லி, 100 ரூபாய் பரிசும் அறிவித்தார்கள். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்தன என்று சயானியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த முதல் வாரத்தில் அவருடைய குரலை எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? மக்களை இழுத்தது போட்டியும் பரிசும்தான். போதாக்குறைக்கு, அந்த வரிசைகளின் நம்பகத்தன்மையும் ஐயத்துக்குரியது. கீத்மாலாவுக்கு இசைத்தட்டு விற்பனையும் நேயர் மன்றங்களின் கருத்துமே அடிப்படை. பில்போர்டும் 1991 நவம்பரில் கணினிவழி விற்பனைக் கணக்குக்கு மாறும்வரை கடைக்காரர்களும் வானொலி நிலையங்களும் சொன்னதைத்தான் நம்பியது.

சிற்றலை நேயர்:

பஞ்சம் இருந்தது உண்மை. ஆனால் 1957க்குப் பிறகு பஞ்சம் தீர்ந்தும் கீத்மாலா முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்ததே, அதற்கு என்ன விளக்கம்? பரிசுப் போட்டி நின்று தரவரிசை வந்த பிறகும் நேயர்கள் விலகிப் போகவில்லையே?

குரலா பட்டியலா என்ற கேள்விக்கு அமெரிக்காவே விடை சொல்லியிருக்கிறது. 1988 ஆகஸ்ட்டில் கேசமின் இடத்தில் ஷேடோ ஸ்டீவன்ஸ் அமர்ந்தார். கேசம் 1989 ஜனவரியில் வெஸ்ட்வுட் ஒன் என்ற வானொலி நிறுவனத்தில் புதிய நிகழ்ச்சி தொடங்கினார். அதில் பில்போர்டு பட்டியல் இல்லை. வேறொரு இதழின் பட்டியல். இருந்தும் பல நிலையங்கள் பழைய பெயரையும் பில்போர்டையும் விட்டுவிட்டுக் கேசமின் பின்னே போயின. டெட்ராய்ட் அன்பர் முதுகெலும்பு என்று சொன்னதை விட்டுவிட்டுத்தானே குரலைத் தேடிப் போனார்கள்?

டெட்ராய்ட் வாசி:

1991இல் பட்டியல் மாறியதும், ஒரே நிலையத்தில் ராப், நாட்டுப்புற இசை, ராக் எல்லாம் ஒலித்த காலம் முடிந்ததும் 1995இல் "அமெரிக்கன் டாப் 40" நின்றதற்குக் காரணங்கள். எல்லாவற்றையும் ஸ்டீவன்ஸின் தலையில் கட்டுவது நியாயமன்று. எனினும் நிலையங்கள் இடம்மாறியதை மறுக்க மாட்டேன். அதிலிருந்து நான் எடுக்கும் முடிவு வேறு. ஸ்டீவன்ஸ் விருந்தினர் அல்லர், வாரிசு. கேசம் இனி வரமாட்டார் என்று தெரிந்ததால் மக்கள் விலகினார்கள். டிக் கிளார்க்கோ சார்லி வான் டைக்கோ வந்த வாரங்களில், அடுத்த வாரமோ அதற்கு மறுவாரமோ கேசம் திரும்பிவிடுவார் என்பது கேட்பவர்களுக்குத் தெரியும். ஆகவே பட்டியல் நாற்பதிலிருந்து ஒன்றுக்கு வழக்கம்போல் இறங்கிவர, குரலை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. கேசம் ஒரு பின்கதையை எங்கே நிறுத்தி, எந்த இடத்தில் பாடலின் பெயரை உடைப்பார் என்பது, அதே வகைக் கதையை வேறொருவர் சொல்லக் கேட்டபோதுதான் எனக்குப் பிடிபட்டது. நீங்கள் போற்றும் அந்த ஒரே குரலின் அருமைக்கு விருந்தினர் வாரங்களே சாட்சி. அவற்றை ஒதுக்கச் சொல்கிறீர்கள்.

வால்வு ரேடியோ:

வாரிசு வேறு, விருந்தினர் வேறு என்பதை ஏற்கிறேன். ஆனால் உங்கள் கணக்குப்படி விருந்தினர் தம்மளவில் சுவை தருபவர் அல்லர், உரைகல்லாக வந்தவர் என்று ஆகிறது. உல்ஃப்மேன் ஜாக் உயிரோடு இருந்தால் இதற்கு ஓர் உறுமலாவது போட்டிருப்பார்.

சிற்றலை நேயர்:

விருந்தினர் வாரங்களையும் ஒலிபரப்பட்டும், தடுக்க மாட்டேன். அந்த வாரம் நான் கீத்மாலாவின் பழைய பதிவொன்றைத் தேடிக் கேட்டுக்கொள்கிறேன்.