‘தாமதத் தள்ளுபடி’ வேண்டாம், ‘தாமதத் தேய்வு’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

டிலே டிஸ்கவுண்டிங் (delay discounting) என்ற உளவியல் சொல்லுக்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்று நம் கலைச்சொல் குழுவில் பேசிவருகிறோம். அதற்கு வந்த ‘தாமதத் தள்ளுபடி’ சரிவராது. பிந்திக் கிடைக்கும் பரிசின் மதிப்பு நம் மனத்தில் குறைந்துபோவதைத்தான் இங்கே சொல்ல வேண்டும். தள்ளுபடி என்றதும் படிப்பவர் ஆடி மாதத் துணிக்கடைக்குப் போய்விடுவார். இலங்கை நண்பர் சொன்ன ‘கழிவு’ அங்கே தள்ளுபடியைக் குறிக்கும். தமிழ்நாட்டில் அது குப்பை.

இதே சொல்லுக்குக் குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்த ‘பொறுமையின்மை’யோடுதான் எனக்குச் சண்டை. உளவியல் ஆய்வாளர் கிர்பி குழுவினர் 1999-இல் பயன்படுத்திய வினாத்தாளில் 27 கேள்விகள். முதல் கேள்வி: இன்றே 54 டாலரா, 117 நாள் கழித்து 55 டாலரா? இன்றே கொடுங்கள் என்பவரைப் பொறுமையற்றவர் என்பீர்களா? நானும் அதைத்தான் சொல்வேன். இப்படித் தொகையும் நாளும் மாறி மாறி வரும். விடைகளைக் கொண்டு ஆளுக்கொரு ‘கே’ (k) என்ற எண்ணைக் கணக்கிடுவார்கள். உளவியலாளர் மேஸர் 1987-இல் தந்த சூத்திரப்படி, தொகையை (1 + கே × தாமதம்) என்பதால் வகுத்தால் இன்றைய மதிப்பு. கே கூடினால் மதிப்பு சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான். அது நடத்தைச் சான்றிதழ் அல்ல.

அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் நடந்து 2013-இல் வெளியான சோதனையையும் பாருங்கள். நல்ல வண்ணப் பொருள்கள் கொண்டுவருவதாகக் குழந்தைகளிடம் சொன்னார்கள். பாதிப் பேருக்குக் கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து ‘இல்லை’ என்றார்கள். அப்புறம் ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய்: உடனே தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று. வாக்குக் காப்பாற்றப்பட்டவர்கள் சராசரியாகச் சுமார் 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். ஏமாந்த பிள்ளைக்குப் பொறுமை இல்லை என்று கலைச்சொல்லே தீர்ப்பு எழுதலாமா?

எனவே என் பரிந்துரை ‘தாமதத் தேய்வு’. கே-க்குத் ‘தேய்வுக் கெழு’ (கெழு என்றால் coefficient). (‘தேய்மானம்’ கணக்கியலில் இயந்திரங்களுக்குப் போய்விட்டது.) மேஸருடையது அதிபரவளையத் தேய்வு (hyperbolic: முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் குறைவது), சாமுவேல்சன் 1937-இல் பொருளியலுக்குத் தந்தது அடுக்குக்குறித் தேய்வு (exponential: எப்போதும் ஒரே விகிதத்தில் குறைவது), முன்னொட்டு மாறினாலும் சொல் இடறவில்லை. தனித்தமிழ் அன்பர்கள் ‘சுணக்கத் தேய்வு’ கேட்கலாம். சுணக்கத்தில் சோம்பல் வாடை அடிக்கிறது. மறுபடியும் ஆளைக் குறை சொல்வதாகிவிடும்.

இது சரி என்றால், கிடைக்கும் வாய்ப்பு குறையக் குறைய மதிப்பு இறங்கும் ப்ராபபிலிட்டி டிஸ்கவுண்டிங்கையும் ‘நிகழ்தகவுத் தேய்வு’ என்றே வைத்துவிடலாமா? அங்கே தேய்வது மதிப்பா நிகழ்தகவா என்று மாணவர் குழம்புவாரோ என்றுதான் யோசிக்கிறேன். புள்ளியியல் நண்பர்கள் சொல்லுங்கள்.