மறு: 'ஷார்ப் பவர்': கூர்வலுவா, துளைவலுவா?

அனைவருக்கும் வணக்கம்.

'ஷார்ப் பவர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். எதேச்சாதிகார நாடுகள் பிற நாடுகளின் செய்தி, அரசியல் வெளிகளுக்குள் புகுந்து செலுத்தும் செல்வாக்குக்கு அந்தப் பெயர். ராயபுரத்தில் எங்கள் வாசிப்பு வட்டத்துக்காக நான் மொழிபெயர்க்கும் கட்டுரையில் இந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏதாவது ஒன்றை எழுதியாக வேண்டும்.

முதலில், 'அதாரிட்டேரியனிசம்' என்பதற்கு இழையில் வந்த 'எதேச்சாதிகாரம்'. அதில் எனக்குத் தகராறு இல்லை. சர்வாதிகாரம் என்றால் ஒரே ஆளின் முகம்தான் மனதில் வருகிறது. தேர்தல், நாடாளுமன்றம் எல்லாம் பேருக்கு இருந்து, எதிர்த்துப் பேச மட்டும் இடமில்லாத ஆட்சிக்கு எதேச்சாதிகாரம் சரியாகப் பொருந்துகிறது.

'பவர்' என்பதற்கு வலு என்ற ஈழத்துச் சொல்லையே நானும் எடுத்துக்கொள்கிறேன். நம் இயற்பியல் பாடநூலில் இருக்கும் 'திறன்' இங்கே உதவாது. மென்திறன் என்றதும் நேர்காணலுக்குத் தயாராகும் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருவார்கள். அமெரிக்க அரசியல் அறிஞர் ஜோசப் நை 1990-இல் முன்வைத்த 'சாஃப்ட் பவர்', அதாவது மனதைக் கவர்ந்து இணங்க வைப்பது, மென்வலு. படையையும் பணத்தையும் காட்டிப் பணிய வைக்கும் 'ஹார்ட் பவர்' வன்வலு. இரண்டும் நாவில் நன்றாக உட்காருகின்றன.

சிக்கல் மூன்றாவதான 'ஷார்ப் பவர்' என்பதில்தான். 'கூர்வலு' என்று முன்மொழிந்த அம்மா என்னை மன்னிக்க வேண்டும். தமிழில் கூர்மை ஒரு பாராட்டு. கூர்மதி, கூர்நோக்கு, கூர்ந்து கேள் என்று நல்லதுக்கே சொல்லிப் பழகியிருக்கிறோம். 'அன்புகூர்ந்து' என்பதில் கூர்தல் மிகுதலைக் குறிக்கிறது. இலங்கை உயிரியலில் கூர்ப்பு என்றால் பரிணாமம். இவ்வளவு நல்ல பொருள்களைச் சுமக்கும் சொல்லை, வாயை மூட வைக்கும் ஒரு வேலைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தச் சொல் பிறந்த இடத்தைப் பார்த்தால் வழி தெரிகிறது. 2017 டிசம்பரில் வாஷிங்டனிலுள்ள 'நேஷனல் எண்டோமென்ட் ஃபார் டெமாக்ரஸி' என்ற ஜனநாயக ஆதரவு அமைப்பு ரஷ்யாவையும் சீனாவையும் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. கிறிஸ்டோஃபர் வாக்கரும் ஜெசிகா லுட்விகும் அதில் சொன்னது இதுதான்: இந்த நாடுகள் வெளியே செலுத்தும் செல்வாக்கை மென்வலு என்று அழைப்பது தவறு, அது மனதைக் கவரவில்லை, பிற நாடுகளின் செய்தி, அரசியல் வெளிகளைத் துளைத்து உள்ளே போகிறது. அவர்களுடைய விளக்கத்திலேயே துளைத்தல் இருக்கிறது. அப்புறம் நாம் ஏன் 'ஷார்ப்' என்ற உரிச்சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்?

இழையில் பெரம்பூர் அண்ணன் நார்வேயின் சால்மன் மீனை உதாரணமாகக் காட்டினார். காசிமேட்டுக்காரி என்பதால் அந்தக் கதை எனக்கு உறைக்கவே செய்தது. 2010-இல் சீனச் சிறையில் இருந்த அரசு எதிர்ப்பாளர் லியு சியாவ்போவுக்கு நார்வேயின் ஆஸ்லோவில் அமைதி நோபல் அறிவித்த பிறகு, நார்வே சால்மனுக்குச் சீனத் துறைமுகங்களில் சோதனை கடுமையானது. மீனைத் தடை செய்யவே வேண்டாம், காக்க வைத்தால் போதும். எங்கள் மார்க்கெட்டில் செவுளைத் தூக்கிப் பார்த்துச் சிவப்பு மங்கியிருந்தால் பேசாமல் அடுத்த கூடைக்குப் போய்விடுவார்கள். 2014-இல் தலாய் லாமா ஆஸ்லோவுக்கு வந்தபோது நார்வே அரசு அவரைச் சந்திக்கவில்லை. 2016-இல் சீனாவின் 'முக்கிய நலன்களுக்கு' ஊறு செய்யும் எதையும் ஆதரிக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்த பிறகே உறவு சீரானது. ஆனாலும் அண்ணே, இது வன்வலு. சந்தையைக் காட்டி மிரட்டுவது.

நாம் பேர் தேடும் விஷயம் வேறு மாதிரி வேலை செய்கிறது. 2017 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம், சீனத் தரப்பு கேட்டதற்காக, சீனாவைப் பற்றிய ஆய்விதழான 'தி சைனா குவார்ட்டர்லி'யின் முன்னூறுக்கு மேற்பட்ட கட்டுரைகளைச் சீனாவில் யாரும் படிக்க முடியாதபடி நீக்கியது. ஆய்வாளர்கள் கொதித்தெழுந்த பிறகு சில நாட்களில் திரும்பப் போட்டது. கத்தரியைப் பிடித்த கை கேம்பிரிட்ஜின் கை. இதுதான் என்னை உறங்க விடவில்லை. இன்னொன்று: சீன அரசு நாளிதழ் காசு கொடுத்துத் தயாரித்த இணைப்புப் பக்கங்கள் 'வாஷிங்டன் போஸ்ட்' உடன் சேர்ந்து வாசகர் வீட்டுக்குப் போயின. 'நியூயார்க் டைம்ஸ்' இணையதளமோ சீனாவில் 2012-இலிருந்து முடக்கப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் கதவு திறந்தே இருப்பதுதான் துளைப்பவருக்கு வசதி.

எனக்கு எட்டு வயதில் சித்தப்பாவின் தூண்டில் முள் ஒன்று விரலில் ஏறிவிட்டது. ஏறும்போது ஒரு சுருக், அவ்வளவுதான். முனைக்குச் சற்றுக் கீழே எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முள்தான் ஆளைக் கொன்றது. வந்த வழியே இழுத்தால் சதை கிழியும். சித்தப்பா அதை முன்னுக்குத் தள்ளி, நுனியை வெளியே கொண்டுவந்து, பிளையரால் நறுக்கி எடுத்தார். பார்த்தால் ஒரு பொட்டுத் துளை. அறிக்கையைப் படித்தபோது அந்த விரல்தான் நினைவுக்கு வந்தது.

ஆகவே என் முன்மொழிவு துளைவலு. துளைத்த, துளைக்கிற, துளைக்கும் வலு என்று முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை, குடிநீர் மாதிரி. 'துளையின் வலு' என்று யாராவது படித்துவிடுவார்களே என்று இழையில் ஓர் ஐயா கவலைப்பட்டது நியாயமே. ஆனால் மென்வலு, வன்வலு பக்கத்தில் வைத்துப் படித்தால் அந்தக் குழப்பம் வருவதில்லை. 'ஊடுருவுவலு' பொருளில் நெருங்கி வருகிறது. ஆனால் ஊடுருவல் என்றாலே எல்லையில் பிடிபட்ட ஆட்கள் என்று செய்தித்தாள்கள் நம்மைப் பழக்கிவிட்டன. ஒலியும் தடுக்குகிறது.

வரைவில் ஓட்டிப் பார்த்த ஒரு வாக்கியம்: "எதேச்சாதிகார நாடுகளின் துளைவலு முதலில் குறிவைப்பது பல்கலைக்கழகங்களையும் பதிப்பகங்களையும்தான்." நேற்று எங்கள் வட்டத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இதைச் சத்தமாகப் படித்தாள். எங்கும் தடுக்கவில்லை, பொருளும் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்து அன்பர்கள் யாராவது அங்கே ஏற்கெனவே வேறு சொல் புழங்குகிறதா என்று சொல்லுங்கள். இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை இரவு வரை காத்திருக்கிறேன்.

அன்புடன்,
காசிமேட்டிலிருந்து