இன்ரபெரோனுக்குத் தமிழ்ச் சொல் வேண்டும் (20ஆந் திகதி அச்சு)

மட்டக்களப்பு, மொழிபெயர்ப்பாளர்:

குழுமத்தாருக்கு வணக்கம். யூலை 28இல் வரும் உலக ஈரலழற்சி நாளுக்காக, ஈரலழற்சி பி (hepatitis B) நோயாளருக்கான துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 20ஆந் திகதி அது கல்முனையில் அச்சேற வேண்டும். நிர்ப்பீடனம் (நோயெதிர்ப்பு), வாங்கி (கலத்தில் செய்தியை ஏற்கும் புரதம்), புரதம் ஆகியவற்றுக்கு நம் பாடநூல்களே கைகொடுத்துவிட்டன; இன்ரபெரோன் என்ற இடத்தில்தான் பேனை நின்றுவிட்டது. 1957இல் இலண்டனில் ஐசக்சும் லின்டன்மனும், வெப்பமூட்டிச் செயலிழக்கச் செய்த இன்புளுவென்சா வைரசைக் கோழிமுட்டைச் சவ்வோடு சேர்த்துவைத்தபோது, அடுத்து வரும் வைரசு பெருகவிடாமல் தலையிடும் பொருளொன்று வெளிவருவதைக் கண்டு, அத்தலையீட்டை (interfere) வைத்தே இன்ரபெரோன் (interferon) என்று பெயரிட்டார்கள். பௌதிகத்தில் ஒளியலைகளுக்குத் தலையீடு என்று எழுதிப் பழகிய நமக்குத் ‘தலையீட்டுப் புரதம்’ இயல்பாகவே வாயில் வருகிறது. ஆனால் நோயாளி அதை வாசித்தால், தன் மருத்துவத்தில் அரசியல்வாதி யாரோ தலையிட்டுவிட்டார் என்றல்லவா நினைப்பார்?

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்த விபுலானந்த அடிகளார் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். ஒலிபெயர்ப்புக்கு உடன்படு என்று என்னைக் கேட்கவேண்டாம். தமிழகத்தார் எழுதும் ‘இண்டர்ஃபெரான்’ என்பதைப் பாருங்கள். குற்றெழுத்துக்கும் உயிரோடு கூடிய வல்லெழுத்துக்கும் நடுவில் மாத்திரமே வரக்கூடிய ஆய்தத்தை, ரகர மெய்யின் முதுகில் ஏற்றிவைத்திருக்கிறார்கள். நமது ‘இன்ரபெரோன்’ மட்டும் யோக்கியமா? னகர மெய்யை அடுத்து ரகரம் மயங்குவதில்லை. றகரம் மயங்கும் என்று ‘இன்றபெரோன்’ என எழுதினால், இன்று, நாளை என்று வாசிப்பார்கள். ஆகவே மறித்தல் என்னும் வினையிலிருந்து ‘மறிப்பி’ என்று ஆக்கலாம். கடத்தி, தூண்டி போல இகர விகுதி அச்செயலைச் செய்யும் பொருளைக் குறிக்கும். ‘மறிப்பான்’ வேண்டாம், அது உயர்திணை ஆண்பால் ஈறு, புரதத்துக்கு மீசை வைப்பானேன்?

மருதமுனை, விஞ்ஞான ஆசிரியர்:

அஸ்ஸலாமு அலைக்கும். ஐயாவின் இலக்கணத்தில் எனக்குப் பிணக்கில்லை. ஆனால் நம் பகுதியில் மறியல் என்றால் சிறைச்சாலை, விளக்கமறியல் என்றால் நீதவான் போடுவது. மறிப்பி என்று ஊசிக்குப் பெயரிட்டால் நோயாளி உள்ளே போட்டுவிடுவார்களோ என்று அஞ்சுவார். தறிச் சத்தத்தில் வளர்ந்தவன் என்பதால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது: நெசவில் பாவின் குறுக்கே ஓடும் நூல் ஊடை. குறுக்கே புகுவது என்ற பொருளை அடக்கி, நொதியம், இழையம் என்ற நம் வாய்ப்பாட்டில் ‘ஊடியம்’ எனலாமே.

காரைதீவு:

ஊடு என்பது நல்ல வேர். ஊடுருவல், ஊடுபயிர், ஊடை எல்லாம் அதன் பிள்ளைகள். தலைவனும் தலைவியும் தமக்கிடையே ஓர் இடைவெளியை இட்டுக்கொள்வதே ஊடல் என்று கொண்டால், அதையும் இதே வேரில் சேர்க்கலாம் என்பது என் நெடுநாளைய எண்ணம். அவ்வாறாயின் ஊடலுக்குரிய மருதத்திணைக்கும் மருதமுனைக்கும் ஓர் உறவு உண்டு; அதைத் தனிமடலில் விரித்தெழுதுகிறேன். சொல்லாக மாத்திரம் ஊடியம் தேறாது. வாசிப்பவர் ஊடகம் என்றே வாசிப்பார்.

அக்கரைப்பற்று, வைத்தியர்:

ஐயாவும் மருதமுனை ஆசிரியரும் கோபிக்கக்கூடாது. மறிப்பி, ஊடியம் இரண்டிலும் சொல்லைவிடப் பொருளில்தான் பிழை இருக்கிறது. இன்ரபெரோன் வைரசைத் தொடுவதேயில்லை. தொற்றுக்குள்ளான கலம் அதைச் சுரக்கிறது. அது அயற்கலங்களின் வாங்கிகளில் போய்ப் பொருந்துகிறது. அங்கிருந்து செய்தி கலத்தின் கருவுக்குள் கடத்தப்பட்டு நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகள் (genes) தொழிற்படத் தொடங்குகின்றன. வைரசின் பெருக்கத்தில் குறுக்கிடுபவை, அவற்றிலிருந்து உண்டாகும் புரதங்களே. வட்டையில் (வயல்வெளியில்) யானை இறங்கினால் முதலில் கண்ட பரண்காரர் கூவுவார். கூவியதால் யானை திரும்புவதில்லை. அடுத்த வாடிகளில் உறங்குபவர்கள் எழுந்து பந்தம் கொளுத்தி வெடியை எடுத்துக்கொள்வதாலேயே அது திரும்புகிறது.

ஈரலழற்சி பி வைரசோ சுள்ளி முறியாமல் இறங்கும் யானை. ஈரற்கலத்தின் கருவுக்குள் தன் டீ.என்.ஏ.யை மூடிய வளையமாக வைத்துக்கொண்டு, கலத்தின் காவலுக்கு ஏறக்குறையத் தென்படாமலே பெருகுவதால், தொடக்கத்தில் கூவல் மிகக் குறைவாகவே எழுகிறது. அதனாற்றான் இன்ரபெரோனின் அல்பா வகையை, உடலில் நெடுநேரம் தங்குமாறு பொலியெதிலீன் கிளைக்கோலுடன் பிணைத்து, கிழமைக்கு ஒன்றாக 48 கிழமைகளுக்கு ஊசியாக ஏற்றுகிறோம். அது வளையத்தைப் பெரும்பாலும் அழிப்பதில்லை; அதிலிருந்து பிரதிகள் எழுதப்படுவதை அடக்குகிறது, நிர்ப்பீடனக் கலங்களையும் முடுக்குகிறது. எல்லாருக்கும் பலிப்பதுமில்லை. காமா வகை வேறு. ரீ கலங்கள் (T cells) என்னும் நிர்ப்பீடனக் கலங்கள் சுரக்கும் அது, ஈரற்கலத்தைக் கொல்லாமலே வைரசை வெளியேற்ற உதவவல்லது. இத்தனையையும் தாங்க ‘கூவியம்’ போதாதா?

காரைதீவு:

கூவியம்! மகளே, பெரும்பாணாற்றுப்படையில் கூவியர் என்போர் அப்பம் சுட்டு விற்பவர்கள். ஈரல் நோயாளிக்கு அப்பக் கடையையா எழுதிக்கொடுக்கப்போகிறீர்கள்? பெயர் வரலாற்றை மதித்து வரவேண்டும். கண்டவர்கள் தலையீட்டைக் கண்டார்கள், கூவலைக் கேட்கவில்லை.

மருதமுனை:

பெயரிட்டவர்கள் அரைவாசி கண்டார்கள் என்பதற்காக நாமும் அரைவாசியே சொல்லவேண்டுமா, ஐயா? நான் ஊடியத்தைக் கைவிட்டுக் கூவியத்துக்கு வருகிறேன். அப்பம் சுடுபவரை நினைத்துத் திகைக்கும் நோயாளி எங்கள் பக்கத்தில் இல்லை.

களுவாஞ்சிக்குடி, தாதி:

நான் வழக்கமாக எழுதுவதில்லை. எங்களிடம் வருபவர்கள் அதைக் ‘கிழமை ஊசி’ என்கிறார்கள், நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம். பெயரால் யாரும் தடுமாறியதில்லை. சென்ற மாதம் ஒரு அம்மா இரண்டாவது ஊசியோடு வரவை நிறுத்திவிட்டார். வீட்டுக்குப் போய்க் கேட்டேன். ஊசி போட்ட இரவு காய்ச்சலும் குலைப்பனும் உடல் உளைவும் வந்ததால், மருந்து நோயைக் கிளப்பிவிட்டது என்று மகன் சொல்லியிருக்கிறார். இன்புளுவென்சாவில் வரும் காய்ச்சலிலும் உளைவிலும் ஒரு பங்கு நம் உடலே சுரக்கும் இன்ரபெரோனால் வருவது, ஊசியாலும் அதுவே வருகிறது, பெரும்பாலும் போகப்போகத் தணியும் என்று விளக்கிய பிறகுதான் மூன்றாவது ஊசிக்கு வந்தார். பிரசுரத்தின் முதற்பக்கத்தில் அதைப் பெரிய எழுத்தில் போடமுடியுமா?

மட்டக்களப்பு:

முதற்பக்கத்தை மாற்றிவிட்டேன், நன்றி. கூவியத்துக்கு நால்வர், மறிப்பிக்கு ஒருவர், எதுவானாலும் சரி என்று மூவர் எழுதியிருக்கிறீர்கள். நான்கு பேரின் பலத்தில் புதுச்சொல்லை நோயாளிமேல் ஏற்றத் துணிவில்லாமல், ‘இன்ரபெரோன் என்னும் எச்சரிக்கைப் புரதம்’ என்று முதலிலும், அப்பால் இன்ரபெரோன் என்றும் அமைத்திருக்கிறேன். ஆய்தம் எங்கும் இல்லை, ஐயா.

காரைதீவு:

ஆய்தம் இல்லாததற்கு நன்றி. னகரத்தின் பின் ரகரம் இன்னும் இருக்கிறது. அச்சானதும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். என் பிரதியில் நான் பேனையால் மறிப்பி என்று திருத்திக்கொள்கிறேன்.